மூடிய புத்தகத்தையும் வாசிக்கிற பிள்ளைகள்

கேள்வி: இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். 28 பிள்ளைகள். தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறார்கள். புதிதாக இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் பாதிப்பேர் வாய் திறப்பதில்லை. புத்தகத்தில் விருப்பமும் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், அந்தக் கடகடவில்தான் விஷயம் இருக்கிறது. ஆசிரிய ஆலோசகராகத் தோட்டம் தோட்டமாகப் போய்வந்த காலத்தில் இப்படி ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாடத்தைப் பிசகில்லாமல் சொன்னான். விரல் இரண்டாவது வரியில் நிற்க, வாய் கடைசி வரியை முடித்துவிட்டது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் வாசிக்கத் தெரியாது.

ஆகவே முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பாடநூலில் இல்லாத நாலு வரி, சில தனிச்சொற்கள், சில எழுத்துகள், எல்லாம் ஒரே தாளில். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு ஆறு பேர் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். புள்ளி போடாதீர்கள். எழுத்தில் நிற்பவர், சொல்லில் நிற்பவர், வசனத்தில் நிற்பவர் என மூன்று குழு போதும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் மட்டத்தைப் பார்த்து இப்படித்தான் குழு பிரிக்கிறது.

எழுத்தில் நிற்பவர்களிடம் 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் அது இன்னொரு பாட்டாகிவிடும். பெரும்பாலும் சிக்கல் கொம்பில்தான். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கரும்பலகையில் 'கொழுந்து' என்று எழுதி, கொம்பைக் கையால் மறையுங்கள். 'காழுந்து' ஆகும், வகுப்பே சிரிக்கும். கையை எடுங்கள், கொழுந்து திரும்பி வரும். பத்து நாள் இப்படி விளையாடினால் கொம்பு பழகிவிடும்.

வசனத்தில் நிற்பவர்களின் கதை வேறு. 'பறித்துக்கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லில் 14 எழுத்து. நம் பிள்ளை வீட்டில் கேட்பது "பறிச்சுக்கிட்டு இருந்தாங்க". எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல் என்று அவளுக்குப் படுவதில்லை. அதனால் காலையில் ஒரு பிள்ளையைப் பேசவிடுங்கள்: நேற்று லயத்து வீட்டு வரிசையில் என்ன நடந்தது, அம்மா காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும்போது என்ன சொன்னார். சொன்னதைச் சொன்னபடியே மூன்று வரி எழுதி எல்லோரும் வாசியுங்கள். அடுத்த நாள் அதையே புத்தகத் தமிழில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். 'கொச்சையைக் கரும்பலகையில் ஏற்றுகிறீர்களா' என்று யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இரண்டு தமிழுக்கும் நடுவில் பாலம் போடாமல் அக்கரைக்கு வா என்றால் பிள்ளை எப்படி வரும்?

விருப்பம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பாடசாலையில் கதைப்புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? நான் பார்த்த பல இடங்களில் அதிபர் அறை அலுமாரியில், பூட்டிய பூட்டோடு. கேட்டால் "கிழித்துவிடுவார்கள் சேர்" என்பார்கள். கிழியட்டும், தைக்கலாம். கூரைக் கம்பியில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஆளுக்கொன்று, மழைக்கு ஒரு பொலித்தீன் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தின் பாட்டுத் தெரிந்த தாத்தா இருந்தால் இரண்டு அடி கேட்டு எழுதி வாருங்கள். காதுக்குப் பழகிய வரியைக் கண்ணால் தேடுவதும் நல்ல பயிற்சி. ஆனால் சொற்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் பழைய கதைதான்.

வீட்டில் ஆளில்லை என்கிறீர்கள். மாலை வரை மலையில் நின்றுவிட்டு வரும் அம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்வது நியாயமில்லை. பிள்ளை வாசிக்க, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டே அவர் கேட்டால் போதும். அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத் தெரியும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாளைத் தரம் 3இலேயே தொடங்கும்படி யாராவது நெருக்கினால், இந்த ஒரு தவணை மட்டும் தட்டிக் கழியுங்கள். புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிற பிள்ளை இருந்தால் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஐந்து நிமிடம் பாருங்கள். அதே தாள் வேண்டாம். அதற்குள் அதுவும் மனப்பாடமாகியிருக்கும்.