மாத்திரை பாதி, வீடு பாதி

மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மருத்துவ சமூகப் பணியாளர்களின் பதில்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தான். வந்த மூன்றாவது வாரமே மாத்திரையை ஒளிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா திட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

முதலில் அம்மாவிடம் பேசுங்கள். ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் இந்த நோய் சீக்கிரம் திரும்புகிறது. பயத்தில்தான் திட்டுகிறார் என்பது நமக்குப் புரியும், தம்பிக்குப் புரியாது.

ஏன் ஒளிக்கிறான் என்று அவனிடமே கேளுங்கள். பெரும்பாலும் பிடிவாதம் காரணமாக இருக்காது. கை நடுங்கும், எச்சில் வடியும், பகலெல்லாம் தூக்கம் வரும், உடம்பு ஊதும். வெளியில் சொல்லக் கூச்சப்படும் பாலியல் தொல்லையும் வரலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனி மாத்திரையும் இருக்கிறது. தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. தெரியாமல் காபியில் கலந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கண்டுபிடித்த அன்றிலிருந்து வீட்டுச் சோற்றின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவனே பிரித்துப் போடட்டும். "மாத்திரை போட்டியா?" என்று தினமும் கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை, அட்டையே சொல்லும்.

இன்னொன்று. போன முறை நோய் முற்றுவதற்கு முன் என்னென்ன மாறியது? குளிப்பதை விட்டானா, ஜன்னலை மூடினானா, தனக்குள் பேசினானா? அவன் தெளிவாக இருக்கும் இப்போதே கூட உட்கார்ந்து நாலைந்து அறிகுறிகளை எழுதி வையுங்கள். பலருக்கு முதலில் போவது தூக்கம். இரண்டு மூன்று இரவு சேர்ந்தாற்போல் தூங்கவில்லை என்றால், ஓ.பி. சீட்டில் போட்ட தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வருடமாக மனநோய். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போனோம். 40 சதவீதம் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தாலே தெரிகிற நோயாக இருந்தால்தான் தருவார்களா?
– ஒரு தாய், விருத்தாசலம்

இல்லையம்மா. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை மாற்றுத்திறன்களில் மனநோயும் உண்டு. அதை அளக்க 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோயிருந்த காலத்துக்குத் தனியாக 1 முதல் 4. ஆக மொத்தம் 20. அதில் 7 வந்தாலே, அந்த அளவுகோலின் அட்டவணைப்படி 40 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

பத்து வருடம் தாண்டிய நோய் என்றால் காலத்துக்கு மட்டுமே 4 கிடைக்கும். அதற்குக் காகிதம் வேண்டும். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, எது கிடைத்தாலும் வருட வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டோடு மட்டும் போகிறவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

மற்ற இடறல் நம் வாயிலேயே இருக்கிறது. "தானா குளிப்பாங்களா?" என்று கேட்டதும் "குளிப்பா சார்" என்று சொல்லிவிடுகிறோம். நாலு தடவை கூப்பிட்டு, வெந்நீர் விளாவி வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, வாசலிலேயே நின்ற பிறகுதான் குளித்தாள் என்பதை விட்டுவிடுகிறோம். பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராதுதான். ஆனால் அந்த ஒரு பதிலில் இரண்டு மதிப்பெண் போய்விடும். கூட்டியும் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் நடந்ததை அப்படியே நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். திரும்ப விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கவைக்கச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகர், துறையூர்

போகலாம், மாத்திரையோடு. சங்கிலி போடும் இடம் எதுவானாலும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 95-ம் பிரிவு சங்கிலியால் கட்டுவதை அறவே தடுக்கிறது.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா, "போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி" என்று அடிக்கடி சொல்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– குழுத் தலைவி, காட்டுமன்னார்கோயில்

தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாக்கா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. யாரோ கேட்டார்களே என்று ஆறுதல்தான் வரும். "பிள்ளைங்களை நெனச்சுப் பாரு" என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கு அது இன்னொரு அடி.

"ஆமா" என்றால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றே வெளியேற்றுங்கள். உங்கள் பகுதியிலேயே இரண்டு கிராமங்களில், வங்கி லாக்கர் மாதிரி பூட்டுப் போட்ட பெட்டிகளைப் பொது இடத்தில் வைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே வைக்கும்படி செய்து பார்த்தார்கள். நல்ல பலன் இருந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் அழைப்பை நீங்களே போட்டு போனை அவர் கையில் கொடுங்கள்.

பிறகு, அவருக்குக் கடன் இருந்தால் தவணையைப் பாருங்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது. குழுவே கொடுத்த உள்கடன் என்றால் அவருடைய தவணையைத் தள்ளிவைக்கத் தீர்மானம் போடலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. தீர்மான நோட்டில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினால் போதும். அவர் உங்களிடம் சொன்னது கூட்டத்துக்குப் போக வேண்டாம்.