பார்த்துச் செய்வார்கள்

"மதிப்பிற்குரிய ஐயா, இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் மாதம் 25,000 ரூபாய்க்கு எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. அதே வேலைக்கு என் வகுப்புத் தோழன் பேசி 28,000 வாங்கிவிட்டான். நானும் கேட்கலாமா? கேட்டால் வேலையே போய்விடுமோ? 'கொடுப்பதை வாங்கிக்கொள், போகப்போகப் பார்த்துச் செய்வார்கள்' என்கிறார் அம்மா. பேசாமல் சென்னைக்குப் போய்விடலாமா?
– க., திருநகர்"

அன்புள்ள க.,

சென்னையா மதுரையா என்பது உங்கள் விருப்பம். மரியாதையாகக் கேட்டதற்காக வேலையைப் பறிக்கும் நிறுவனம் இருந்தால், அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. என்னை உறுத்துவது அம்மாவின் சொற்கள்தான். அவற்றைக் கேட்டே வளர்ந்தவன் நான்.

கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் என் தந்தை கணக்குப்பிள்ளையாக இருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று முதலாளியிடம் பேசி, பேசிய கெடு முடியும்போதெல்லாம் ஏற்றி வாங்கினார்கள். அந்த உயர்வை முத்து முத்தாகப் பேரேட்டில் எழுதிய என் தந்தை, தமக்கென்று ஒருநாளும் வாய் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் கூலி பேசுவதா என்ற கூச்சம். தீபாவளிக்கு முதலாளி தந்த வேட்டியில் அந்தக் கூச்சம் பெருமையாகவும் மாறிவிடும். படிக்காதவர்கள் தங்கள் உழைப்புக்கு விலை சொன்னார்கள். படித்தவர்கள் அதைப் பிறர் கருணைக்கு விட்டுவிட்டு அடக்கம் என்று பேர் வைத்துக்கொண்டோம். பட்டம் பெற்ற நீங்களோ, முன்பின் தெரியாத ஓர் எழுத்தாளனிடம் 'கேட்கலாமா' என்று அனுமதி கேட்கிறீர்கள்! உங்கள் தோழன் யாரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டான்.

மூவாயிரம்தானே என்று நினைக்க வேண்டாம். ஆண்டு உயர்வு சதவீதமாகத்தான் வரும். இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், 30ஆம் ஆண்டில் மாத வித்தியாசமே 28,000 ரூபாயை நெருங்கிவிடும். மொத்த இழப்பு, வட்டியைச் சேர்க்காமலே, 40 லட்சத்தைத் தாண்டும். நடுவில் வேலை மாறினாலும் தப்ப முடியாது. புதிய இடத்திலும் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு, அதன்மேல் இத்தனை சதவீதம் என்றுதான் பெரும்பாலும் பேசுவார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கான 12 சதவீதம் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியது. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படியே: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்குவார்கள். முதல் நாள் பேசாமல் விட்டது ஓய்வு பெறும் நாள்வரை கூடவே வரும். இதில் யாரும் எதையும் பார்த்துச் செய்வதற்கு இடமே இல்லை, அம்மா.

ஆகவே நாளையே கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை சிடிசியா, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவா, கையில் வருவதா, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கையும் பணிக்கொடை ஒதுக்கீட்டையும் சிடிசிக்குள் சேர்த்துப் பெரிதாகக் காட்டுவது வழக்கம். நான் கோபித்துக்கொண்டதை வீட்டில் சொல்ல வேண்டாம். கணக்கை மட்டும் அம்மாவிடம் காட்டுங்கள்.