லேத்தில் டேப்பர் பிடிப்பது: கேட்டவர்களுக்குப் பதில்

துவாஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மோர்ஸ் 3 டேப்பர் (ஸ்லீவுக்குள் இறுகி நிற்கும், அளவு நிர்ணயித்த கூம்புத் தண்டு) கடைகிறேன். டூலைக் கோணத்தில் நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடில் ஒன்றரை டிகிரி வைத்தேன். ஸ்லீவில் போட்டால் ஆடுகிறது.

ஆடத்தான் செய்யும் தம்பி. மோர்ஸ் 3-க்கு அரைக்கோணம், அதாவது நடு அச்சிலிருந்து ஒரு பக்கத்துச் சரிவு, 1 டிகிரி 26 நிமிடம். நீங்கள் வைத்தது 1 டிகிரி 30 நிமிடம். 80 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.17 மி.மீ. தப்பிவிடும். ஸ்லைடில் இருக்கும் டிகிரிக் கோடுகள் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மிச்சத்தை, நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ்தான் சொல்ல வேண்டும்.

ஜாப்பை (கடையும் பொருளை) இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகளான இரண்டு சென்டருக்கு நடுவே நேராக கிரைண்ட் செய்த ஒரு பாரை மாட்டுங்கள். முதலில் கேரேஜை (டூலைச் சுமந்து நீளவாக்கில் ஓடும் பகுதி) ஓட்டிப் பார்த்து டெயில்ஸ்டாக்கை (கடைசி முனையின் சென்டரைத் தாங்கும் பகுதி) நேராக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டூலைப் பிடிக்கும் டூல்போஸ்டில் டயலைக் கட்டி, அதன் முனையைச் சரியாக சென்டர் உயரத்தில் வையுங்கள். காம்பவுண்ட் ஸ்லைடை 50 மி.மீ. நகர்த்தினால் டயல் 1.255 மி.மீ. காட்ட வேண்டும். ஹேண்டிலை ஒரே திசையில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பேக்லாஷ் (திருகில் இருக்கும் தளர்ச்சி) கணக்கைக் கெடுக்கும். நட்டை இறுக்கும்போது ஸ்லைடு கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை டயலை ஓட்டியே தீர வேண்டும். அவசர வேலையில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்.

நல்ல மோர்ஸ் 3 மாண்ட்ரல் (துல்லியமான மாதிரி டேப்பர்) கையில் இருந்தால் இன்னும் சுலபம். பாருக்குப் பதில் அதை மாட்டி ஸ்லைடை ஓட்டுங்கள். முழு நீளத்துக்கும் முள் அசையக் கூடாது.

உட்லண்ட்ஸிலிருந்து: நான் கடைந்த 60 டிகிரி சென்டரில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. ஏன்?

டூல் சென்டர் உயரத்தில் இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் கோன் நேராக வராமல் நடுவில் குழியும். மோர்ஸ் மாதிரி மெல்லிய டேப்பரில் இந்தக் குழிவு கண்ணுக்குத் தெரியாது.

காக்கி புக்கிட்டிலிருந்து: டேப்பரில் புளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) தடவிப் பார்த்தால் எல்லா இடத்திலும் படுகிறது. ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்புகிறார்கள்.

அதிகமாகத் தடவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தடித்த புளூ பொய் சொல்லும். சீக்கிரம் காய்கிற லேஅவுட் புளூ வேண்டாம், பிரஷ்யன் புளூ எடுங்கள். நீளவாக்கில் மூன்று கோடுகள், அடியில் இருக்கும் இரும்பு தெரிகிற அளவுக்கு மெல்லியதாக. ரிங் கேஜுக்குள் (டேப்பரைச் சோதிக்கும் வளையம்) மெதுவாக விட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நேராக வெளியே இழுங்கள். பெரிய முனையில் மட்டும் கோடு அழிந்தால் கோணம் கூடுதல். சின்ன முனையில் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு. மூன்று கோடுகளும் ஒரே மாதிரி தேய்ந்தால்தான் நம்பலாம்.

அவரே: கோணம் சரியாகிவிட்டது. ஆனால் டேப்பர் கேஜ் கோட்டுக்கு (விட்டம் சரியானால் வந்து நிற்க வேண்டிய கோடு) 1 மி.மீ. வெளியே நிற்கிறது. எவ்வளவு எடுப்பது?

மோர்ஸ் டேப்பர் ஏறத்தாழ 20-க்கு 1, அதாவது 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. மாறும். விட்டத்தில் 0.05 மி.மீ. எடுத்தால் 1 மி.மீ. உள்ளே போகும். ஆனால் ஜாப் ஆறிய பிறகு அளந்து பாருங்கள். கேஜைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 25 மி.மீ. விட்டத்தில் 0.006 மி.மீ. பெருத்திருக்கும். கோட்டில் அது 0.1 மி.மீ.க்கும் மேல். ஓட்டைக்குள் கடையும் உள்டேப்பரில் கூடுதல் கவனம் வேண்டும். சூடான ஓட்டையில் குளிர்ந்த பிளக் கேஜை (ஓட்டையைச் சோதிக்கும் கூம்பு) விட்டு மறந்துவிட்டால், ஆறும்போது ஓட்டை சுருங்கி கேஜைப் பிடித்துக்கொள்ளும்.

ஜூரோங்கிலிருந்து: டேப்பர் வருவதற்கு டெயில்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் தள்ளிவைத்துக் கடையலாமா?

நீளமான, கோணம் குறைவான டேப்பருக்குத் தாராளமாக. ஆனால் எல்லா ஜாப்பும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், சென்டர் ஓட்டைகளின் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் மாறினால் டேப்பரும் மாறிவிடும். உருண்டை முனையுள்ள பால் சென்டர் போடுங்கள், சாதா சென்டர் ஓட்டையைத் தின்றுவிடும்.