ராயபுரம் நண்பருக்கு: மழைக்குப் படிக்க

கீழ்வீடு, மழை வந்தால் கரண்ட் போயிடும், பெரிய நாவல் எடுத்தால் பாதியிலேயே நின்னுடுது, வரும் மழைக்கு என்ன படிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எடுங்க. சின்ன நாவல். மெட்ராஸ் குடிதண்ணிக்கு அல்லாடின கதை. தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும்போது, குடத்தோட அலையுற ஜமுனாவைப் படிக்கிறது தனி எரிச்சல், தனி ருசி. அடுத்து கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, நம்ம வடசென்னை ஜனங்களோட கதை. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’யும் மதராஸ்தான், பஞ்ச காலம். ஆனா கனமானது, இப்போ வேணாம்.

வாங்குறதுக்கு முன்னாடி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல பத்துப் பக்கம் புரட்டிப் பாருங்க. பீச் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா எழும்பூர் பக்கம்தான். ஜனவரி புத்தகக் காட்சியில தள்ளுபடி கிடைக்கும், அதுக்குள்ள மழை ஓய்ஞ்சிடும். எதை வாங்கினாலும் பரண்ல ஏத்தி வைங்க, கீழ்த்தட்டுல வேணாம்.