திருநெல்வேலி சொதி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டுச் செய்யற சொதிக் குழம்புக்கு நாலு பேருக்கு அளவு சொல்லுங்களேன்.

பதில்: நல்லா முற்றின பெரிய தேங்காய் 1, பாசிப்பருப்பு 50 கிராம், கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்த்து 300 கிராம், சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 6, ஒரு அங்குல இஞ்சி, எலுமிச்சம்பழம் 1. தேங்காயை மூன்று தடவை பிழியணும். முதல் பாலுக்குத் தண்ணீர் அரை டம்ளர் போதும். இரண்டாவதுக்கு ஒன்றரை, மூன்றாவதுக்கு ஒன்று. வெதுவெதுப்பான தண்ணீர்னா பால் நல்லா இறங்கும்.

கேள்வி: எனக்கு எப்பவும் பால் திரிஞ்சு போகுது. எங்கே தப்பு?

பதில்: முதல் பாலைக் கொதிக்க விட்டிருப்பீங்க, இல்லைன்னா அடுப்பிலேயே எலுமிச்சை பிழிஞ்சிருப்பீங்க. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தேங்காய் எண்ணெயில் வெங்காயத்தையும் காயையும் நிறம் மாறாமல் வதக்கி, மூன்றாம் பாலில் வேகவைங்க. காய் முக்கால் வேக்காடு வந்ததும் மிளகாய் இஞ்சி விழுது, வேகவைத்து மசித்த பருப்பு, உப்பு, இரண்டாம் பால் சேருங்க. ஐந்து நிமிஷம் கொதிச்சா பச்சை வாசனை போயிடும். அப்புறம் தீயைச் சிம்மில் வைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கிட்டே இருங்க. ஓரத்தில் பொடிப்பொடியா நுரை கூடும். அதுதான் சமயம், அடுப்பை அணைச்சிடணும். குமிழ் வெடிக்கிற வரை விட்டால் எண்ணெய் தனியா மிதக்கும், அதைத் திரும்பச் சேர்க்கிறது கஷ்டம். எலுமிச்சைச் சாறு பத்து நிமிஷம் கழிச்சு, சூடு தணிஞ்ச பிறகு.

கேள்வி: மஞ்சள் தூள் போடலாமா?

பதில்: வேண்டாம். சொதி வெள்ளையா இருக்கணும். கத்திரிக்காயும் நிறத்தைக் கெடுக்கும். பருப்பை வறுக்கிறதா இருந்தாலும் வாசனை வர்ற அளவுக்குத்தான், சிவக்கக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கேன், டப்பா பால்தான் கிடைக்கும்.

பதில்: 400 மி.லி. டப்பாவைக் குலுக்காமல் திறந்து, மேலே நிற்கிற கெட்டியை முதல் பாலா எடுத்து வைங்க. மீதியில் இரண்டு டம்ளர் தண்ணீர் கலந்தால் மற்ற இரண்டு பாலுக்கும் சரியாப் போகும். பிழிஞ்ச பாலின் ருசி வராது, ஆனால் மோசமில்லை.

கேள்வி: தாளிக்க என்ன?

பதில்: தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, முந்திரி. அவ்வளவுதான். பட்டை, கிராம்பு போட்டால் அது குருமா.

கேள்வி: சொதிக்குத் தொட்டுக்க இஞ்சித் துவையல் கட்டாயமா அண்ணி? எங்க வீட்டில் அப்பளத்தோட முடிச்சிடுவோம்.

பதில்: கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுற சாப்பாடு இது, மாப்பிள்ளைச் சொதின்னே பேரு. ஒரு தேங்காய்ப் பாலும் அப்படியே சோற்றில் விழுந்தால் வயிறு மந்தமாகும். இஞ்சி அதை இறக்கும். 50 கிராம் இஞ்சியைச் சுருள வதக்கி, நாலு மிளகாய் வத்தல், ஒரு ஸ்பூன் உளுந்து வறுத்து, நெல்லிக்காயளவு புளி, துளி வெல்லம், உப்பு சேர்த்துக் கெட்டியா அரைச்சிடுங்க. அப்பளத்தை விட உருளைக்கிழங்கு காரக்கறிதான் பொருந்தும்.

கேள்வி: மிச்சம் ராத்திரிக்கு ஆகுமா?

பதில்: ஃபிரிட்ஜில் வைத்தால் ஆகும், ஆப்பத்துக்கு அருமை. நேரா அடுப்பில் வைக்காமல், கொதிக்கிற தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கிச் சூடு பண்ணுங்க.