சிருஷ்டித்தாரா, உண்டாக்கினாரா?

அன்புள்ள ஐயா,

அம்மம்மாவின் பழைய வேதாகமத்தில் "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்றிருக்கிறது. கோயிலில் வாசிக்கும் திருவிவிலியத்திலோ 'படைத்தல்' என்று வருகிறது. பழைய நூலிலேயே வேறு வசனங்களில் 'உண்டாக்கினார்', 'உருவாக்கி' என்றும் காண்கிறேன். சிருஷ்டிப்பது ஒன்றுமில்லாமையிலிருந்து, உண்டாக்குவது இருக்கும் பொருளிலிருந்து என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் விளக்கினார்கள். அது சரியா?

வாசகி, மல்லாவி

அன்புத் தங்கைக்கு,

அந்த விளக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வரும் எபிரேயச் சொல் 'பாரா'. அதன் இயல்பான வடிவில் கடவுள் ஒருவரே அதற்கு எழுவாயாக வருவார். குயவனோ தச்சனோ அரசனோ வருவதில்லை. 'செய்தல்' என்று பொருள்படும் இன்னோர் எபிரேயச் சொல்லான 'ஆசா' அப்படியன்று: நோவா பேழையைச் செய்வதற்கும், ஆபிரகாமின் வீட்டில் விருந்தினருக்கு உணவு ஆயத்தம் செய்வதற்கும் அதே சொல்தான். ஆகவே 'பாரா' யார் செய்தார் என்பதைச் சொல்கிறதே தவிர, எதிலிருந்து செய்தார் என்பதைச் சொல்வதில்லை.

1:26இல் மனிதனை 'உண்டாக்குவோமாக' என்னும் இடத்தில் 'ஆசா' நிற்கிறது; அடுத்த வசனத்திலேயே அதே மனிதனைக் குறித்து 'பாரா' மூன்று முறை வருகிறது. 2:7இல் அவனை மண்ணிலிருந்து உருவாக்கியதைச் சொல்லும் 'யாட்சார்' குயவனின் தொழிற்சொல். எரேமியா 18இல் வரும் குயவனின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. மண்ணால் ஆனவனுக்கும் 'பாரா' பொருந்துமென்றால், கூட்டத்தில் சொன்ன வேறுபாடு நிற்காது.

நம் மொழிபெயர்ப்பாளர்களும் அந்த வரம்பைக் கட்டவில்லை. ஏசாயா 45:7இல் "ஒளியைப் படைத்து, இருளையும் உண்டாக்கினேன்" என்னும் பழைய தமிழில், 'உண்டாக்கினேன்' என்பதே 'பாரா'வுக்கு நிற்கிறது. தமிழின் காதுக்கும் அது தவறன்று: இல்லாததை உண்டு என்று ஆக்குவதுதானே உண்டாக்குதல்! 'படைத்தல்' நேற்று வந்த சொல் என்றும் எண்ணவேண்டாம். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகைச் செய்தவனைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டு 'படைத்தோன்' என்றே அழைக்கிறது.

ஒன்றுமில்லாமையிலிருந்து என்ற நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லும் வாக்கியம் 2 மக்கபேயர் 7:28இல், சாகப்போகும் கடைசி மகனைத் தேற்றும் ஒரு தாயின் வாயில் இருக்கிறது. அது கோயில் விவிலியத்தில் உண்டு, அம்மம்மாவின் நூலில் இராது. அந்தத் தாய் சொன்னதை ஒரு வினைச்சொல்லின் தலையில் ஏற்றவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. யோசுவா 17இல், இடம் போதாதென்று முறையிடும் மக்களிடம் காட்டுக்குப் போய் வெட்டி இடம் ஆக்கிக்கொள்ளுங்கள் என்கிறார் யோசுவா. அந்த வெட்டுதலுக்கும் 'பாரா'வின் அதே எழுத்துகளையுடைய வினையே வருகிறது. இரண்டும் ஒரே வேர் என்று அகராதியாளர் எல்லோரும் ஒப்புவதில்லை. அதனால் இதன்மேல் நான் எதையும் கட்டமாட்டேன். ஆனாலும் 2010இல் திரும்பி வந்து, முற்றத்தை மூடியிருந்த பற்றையை வெட்டிய நாட்களில் அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நேரம் கிடைத்தால் ஏசாயா 43ஐ ஐந்தாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். திசையெங்கும் சிதறிய பிள்ளைகளைக் கூட்டிவருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஏழாம் வசனத்தில் அந்த ஒரே மக்களுக்கு 'பாரா', 'யாட்சார்', 'ஆசா' என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.