மூலையில் படுத்திருக்கும் நாய் நம்மோடு ஒட்டுமா?

கேள்வி: விலங்குகள் காப்பகத்தில் நான்கு வயதுக் கலப்பின நாய் ஒன்றைப் பார்த்தேன். மற்ற நாய்கள் கம்பியில் ஏறிக் குரைக்க, அது மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது. மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. கணவரோ, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? குட்டியாக எடுத்தால்தான் ஒட்டும்” என்கிறார். எங்களுக்கு ஆறு வயதில் மகள் இருக்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பிறந்த 3-வது வாரத்திலிருந்து 14-வது வாரத்துக்குள் மனிதரோடு பழகாத குட்டி, பின்னாளில் மிரட்சியோடு வளர வாய்ப்பு அதிகம். ஆனால் புதிதாக ஒருவரோடு ஒட்டிக்கொள்ள நாய்க்கு வயது தடையில்லை. 2001-ல் வெளியான ஹங்கேரி ஆய்வு ஒன்றில், காப்பகத்து வளர்ந்த நாய்களோடு ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை பழகினார். அதற்குள்ளாகவே அவரைத் தங்கள் ஆளாக நினைத்து நடக்கத் தொடங்கிவிட்டன.

மூலையில் கிடந்ததை வைத்து அதன் குணத்தை முடிவு செய்யாதீர்கள். ஓயாத குரைப்புக்கு நடுவே அடங்கிப் போகும் நாய் வெளியே வந்தால் வேறு நாய்! அமைதியான இடத்துக்கு அழைத்துப் போய் அரைமணி நேரம் இருந்து பாருங்கள், ஒரு முறைக்கு இரண்டு முறை. பராமரிப்பவரிடம் துருவித் துருவிக் கேளுங்கள்: சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா, குழந்தைகளைக் கண்டால் எப்படி, ஏன் காப்பகத்துக்கு வந்தது, தடுப்பூசியும் கருத்தடையும் ஆயிற்றா? வளர்ந்த நாயை எடுப்பதில் உள்ள பெரிய வசதியே இதுதான். அதன் உருவமும் சுபாவமும் இன்றே தெரியும். என்ன இனக் கலப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், முகத்தைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

வீட்டுக்கு வந்தபின் நாம் செய்யும் தவறு, அன்பைக் கொட்டுவது. நானும் செய்தேன். நான் எடுத்து வந்த நாய் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், ஐந்தாம் நாள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஈர மூக்கு ஒன்று முழங்கையில் பட்டது. திரும்பாமல் மடித்துக்கொண்டே இருந்தேன், கண் மட்டும் கலங்கிவிட்டது.

பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். கொஞ்சம் முன்பின் ஆகும். முதல் சில வாரங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் சங்கிலி கையில் இருக்கட்டும், மிரண்டு ஓடிப்போவது அப்போதுதான் அதிகம். காப்பகத்தில் கொடுத்த உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவள் கிட்டே போகக் கூடாது. பெரியவர் இல்லாமல் இருவரையும் தனியே விடவே கூடாது. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் ‘எனக்குப் போதும்’ என்று நாய் சொல்லும் விதம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

அடுத்த முறை காப்பகத்துக்குப் போகும்போது மகளோடு கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கிலியை அவர் கையில் கொடுங்கள்.